கரையில் பாடி (சடலம்) எடுத்த காவலருக்கு அடுத்த முப்பது நாள்: ஸ்டேஷன் அளவில் என்ன செய்யலாம்?

உப்பங்காற்று (தொடக்கப் பதிவு)

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் எந்த ஸ்டேஷனை எடுத்தாலும் வேலையின் தன்மை ஒன்றுதான். படகு கவிழ்ந்தால் பாடி எடுக்க வேண்டும். ஒதுங்கிய சடலத்துக்கு விடியும்வரை காவல் நிற்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் மோதினால் தகரத்தை நெம்பிக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். சில நேரம் துப்பாக்கி சுடும் நிலையும் வந்துவிடும்.

இவை ஒவ்வொன்றுக்கும் பிறகு எஃப்.ஐ.ஆருக்கு ஒரு முறை இருக்கிறது, பிரேத விசாரணைக்கு ஒரு முறை இருக்கிறது, ஜி.டி.யில் (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில்) எழுதுவதற்கும் இருக்கிறது. பாடி எடுத்த ஆளுக்கு மட்டும் எந்த முறையும் கிடையாது, மறுநாள் ரோல் காலில் வந்து நிற்க வேண்டியதுதான். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் துணையோடு நடக்கும் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி நல்ல ஏற்பாடு. ஆனால் அது வகுப்பில் நடப்பது. சம்பவம் நடந்த அன்று இரவு எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டரும் ரைட்டரும் (ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

தயவுசெய்து "மன உறுதி வேண்டும்" என்று யாரும் எழுத வேண்டாம். மணி, ஆள், பொருள் என்று எழுதுங்கள்.

கரைவலை

பாதி வேலை பாடியைத் தொடுவதற்கு முன்பே இருக்கிறது அண்ணே. அதை விட்டுவிட்டு மனநல ஆலோசனையைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

நம்ம கடல் சூட்டுக்கு மூழ்கிய உடல் இரண்டு மூன்று நாளில் ஊதி மேலே வந்துவிடும். அதற்குள் கைத்தோல் தளர்ந்திருக்கும். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் தோல் கையுறை மாதிரி கழன்று நம்ம கையோடு வந்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் புது கான்ஸ்டபிளைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். அந்த ஒரு நொடிதான் அவன் தூக்கத்தில் மாதக்கணக்காகத் திரும்ப வருகிறது. "கையைப் பிடிக்காதே, அக்குளுக்கு அடியில் தார்ப்பாயை விட்டுத் தூக்கு, தோல் கழலும், நாற்றம் வரும், முகம் அடையாளம் தெரியாது" என்று இறங்கும் முன் சொல்ல இரண்டு நிமிடம் போதும். தெரிந்து பார்ப்பதும் தெரியாமல் பார்ப்பதும் ஒன்றல்ல.

முகத்தை உடனே மூடுங்கள். அடையாளம் காணத் தேவைப்படும்போது மட்டும் திறங்கள். உடைமைகளை, அதாவது செல்போன், பர்ஸ், குழந்தையின் செருப்பு, இவற்றைப் பட்டியல் எழுதும் ஆள் வேறாகவும் பாடியைத் தூக்கும் ஆள் வேறாகவும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் பாடி அவனுக்கு ஒரு மனிதராக மாறிவிடுகிறது, பெயரும் வீடும் வந்துவிடுகிறது. இறந்தவர் சட்டைப்பையில் போன் அடிக்கிறது, திரையில் 'அம்மா' என்று வருகிறது. கடலோரத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். எடுத்துப் பேசும் பொறுப்பு யாருக்கு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். எஸ்.ஐ. அல்லது மூத்த ஏட்டு மட்டும் எடுக்கட்டும்.

பாடிகள் நிறைய என்றால் அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றுங்கள். மாறி வந்தவர் பாடி கிடக்கும் இடத்தைப் பார்க்காத பக்கம் திரும்பி உட்கார வேண்டும். தண்ணீரும் நிழலும் அங்கேதான் இருக்க வேண்டும்.

மூக்குக்கடியில் தைலம் தடவும் வழக்கம் வேண்டாம். அது நாற்றத்தை மறைப்பதில்லை. பிறகு வீட்டில் பிள்ளைக்குச் சளி பிடித்துத் தைலம் தடவும்போது கடற்கரை மொத்தமும் கண்முன் வந்து நிற்கும். நல்ல முகக்கவசமும் ஆள் மாற்றுவதும்தான் வேலைக்கு ஆகும்.

ராம்நாடு_மனநலச்செவிலி

கரைவலை சார் சொன்னதை அச்சடித்து ஸ்டேஷனில் ஒட்டலாம். நான் அன்று இரவைப் பற்றி எழுதுகிறேன்.

சம்பவம் முடிந்ததும் முதல் வேலை உடம்புக்கு. ஸ்டேஷனிலோ அருகில் உள்ள குடியிருப்பிலோ குளியல், சோப்பு, மாற்றுத் துணி. சீருடையைப் பையில் கட்டி வையுங்கள், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி துவைக்கும்படி விடாதீர்கள். பிறகு சூடாகச் சாப்பாடு. அன்று கறி, மீன் வேண்டாம். பலருக்கு வாயருகே கொண்டுபோகவே முடியாது. இட்லி, ரசம் சாதம், கஞ்சி போதும். டீ, காபி மாலைக்கு மேல் வேண்டாம், ஏற்கெனவே துடிக்கிற நெஞ்சை அது இன்னும் கிளப்பும்.

அடுத்தது சாராயம். "பாடி எடுத்த பையன், ஒரு குவாட்டர் வாங்கிக் கொடுங்கப்பா" என்பது அன்பில் வருவதுதான். ஆனால் அது தூக்கத்தைக் கொடுப்பதில்லை, முதல் மூன்று நாலு மணி நேரம் மயக்கத்தில் போட்டுவிட்டுப் பின்னிரவில் எழுப்பிவிடும். நடந்ததை மூளை தன் போக்கில் அடுக்கிவைக்கும் வேலையும் கெடும். மறுநாள் இரவு அதே அளவு போதாது. நிறையப் பேரின் குடி இந்த ஒரு இரவில்தான் தொடங்குகிறது.

தூக்க மாத்திரையும் அப்படித்தான். மெடிக்கலில் ஆல்பிரசோலம் மாதிரி ஏதாவது வாங்கிப் போடுவது நடக்கிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டியிருக்கிறது. பிற்காலப் பாதிப்பை அவை தடுப்பதில்லை, பழக்கமாகவும் ஆகும். இரண்டு இரவு தூக்கம் கெடுவது நோய் அல்ல. திடுக்கிட்டு எழுவது, சத்தத்துக்குத் துள்ளுவது, காட்சி திரும்பத் திரும்ப வருவது, பிள்ளைகளிடம் எரிந்து விழுவது இவையெல்லாம் முதல் இரண்டு மூன்று வாரத்தில் வந்து தானாகவே குறைவதுதான் பெரும்பாலோருக்கு வழக்கம். இதை அவரிடமும் வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். தெரியாவிட்டால் "எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது" என்ற பயம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும்.

தெற்குவாடி

மேடம், மறுநாளே எல்லாரையும் உட்காரவைத்து ஒவ்வொருத்தராக என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், எது மோசம் என்று மனம்விட்டுப் பேசச் சொல்வது நல்லதுதானே? வெளிநாட்டில் தீயணைப்பு, போலீஸ் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். உள்ளே வைத்தால் புண்ணாகும்.

ராம்நாடு_மனநலச்செவிலி

அந்த முறை 1983இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. ஏழு கட்டம், ஒரே அமர்வு, இரண்டு மூன்று நாளுக்குள். உலகமெல்லாம் பரவியது. பிறகு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் வந்தன. தீக்காயம் பட்டவர்களிடம் செய்த ஒரு சோதனையில், 13 மாதம் கழித்துப் பார்த்தபோது அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கும், பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2002 தொகுப்பாய்வு, ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பது பயன் தருவதாகத் தெரியவில்லை, நிறுத்த வேண்டும் என்றது. இங்கிலாந்தின் நைஸ் என்ற அரசு மருத்துவ வழிகாட்டு அமைப்பின் வழிகாட்டியும் அதையே சொல்கிறது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். உடம்பு இன்னும் படபடத்துக்கொண்டிருக்கும்போது காட்சியை விவரமாகத் திரும்பச் சொல்லவைத்தால் அது ஆழமாகப் பதிகிறது. கூட்டத்தில் என்றால் பின்வரிசையில் நின்றவன் தான் பார்க்காததையும் அடுத்தவன் வாய்வழி பார்த்துவிடுகிறான்.

தெற்குவாடி

அந்தச் சோதனை தனி ஆட்களிடம், அதுவும் நோயாளிகளிடம் செய்தது. ஒரே படகில் போன ஆறு பேர் வேறு. அவர்கள் பேசாமல் இருந்தால் "நீ அந்தப் பக்கம் போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்ற சந்தேகம் உள்ளேயே வளரும். அதை என்ன செய்வது?

பழைய_ரைட்டர்

தெற்குவாடி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் வேலைக் கூட்டம். உணர்ச்சியைக் கேட்காத கூட்டம். அன்று மாலையோ மறுநாள் காலையோ பதினைந்து இருபது நிமிடம். எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது, காற்று எப்படி, என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, ஏன். "தகவல் வரும்போதே ஒரு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது, எந்தப் பக்கம் போயிருந்தாலும் முடிந்திருக்காது" என்பதை வரிசையாக நேரத்தோடு கேட்டால் பாதிப் பேருக்குக் குற்ற உணர்ச்சி அங்கேயே இறங்கும். நடத்துபவர் அந்த வேலையில் இருந்த அதிகாரியாக இருக்க வேண்டும். குறை கண்டுபிடிக்கும் கூட்டமாக ஆக்கக் கூடாது. யார் பேசாவிட்டாலும் கேட்கக் கூடாது. முடிந்ததும் அடுத்த மூன்று நாள் டூட்டி யாருக்கு என்ன என்று சொல்லிவிட்டுக் கலைய வேண்டும்.

டூட்டி பற்றி. மூன்று நாள் மொத்தமாக வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல. தனியாக அறையில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முழு இரவு ஓய்வு, பிறகு பழகிய ஆட்களோடு லேசான பகல் டூட்டி. தபால், மனு விசாரணை, கோர்ட் வேலை. கூடாதவை மூன்று: அடுத்த நாளே மார்ச்சுவரி காவல், தனி பாரா (தனியாகக் காவல் நிற்பது), இரவு டூட்டி. நடைமுறையில் தவறு எங்கே நடக்கிறது என்றால், "அவனுக்குத்தான் கேஸ் தெரியும்" என்று பாடி எடுத்தவனையே பிரேத பரிசோதனைக்கும் அனுப்புகிறோம். ஒரே ஆள் ஒரே பாடியோடு மூன்று நாள். அடையாளம் காட்ட ஒரு ஆள் ஒரு தடவை போனால் போதும், மற்ற காவலுக்கு வேறு ஆளைப் போடலாம்.

பந்தோபஸ்து நாட்களில் இது கஷ்டம், தெரியும். செப்டம்பர் 11 பரமக்குடி (இம்மானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 பசும்பொன் (தேவர் குருபூஜை) சமயத்தில் மாவட்டமே காலியாகிவிடும். அப்போது சம்பவம் நடந்தால் ஆளை விடுவிக்க முடியாது. குறைந்தபட்சம் அவருக்குத் தெரிந்த இரண்டு பேரோடு ஒரே பாயிண்டில் போடுங்கள். 2021 அரசாணைப்படியான வார ஓய்வை அந்த மாதம் பறிக்காதீர்கள்.

இன்னொன்று. பாடி போட்டோ ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுவதை நிறுத்துங்கள். அங்கே இல்லாத பெண் காவலர் காலை டிபன் சாப்பிடும்போது திறந்து பார்க்கிறார். ஒரே போன், விசாரணை அதிகாரிக்கு மட்டும் அனுப்புதல், கேஸ் கட்டில் சேர்த்தல், அவ்வளவுதான். காணாமல் போனோர் அடையாளத்துக்கு என்றால் முகமும் சட்டையும் மட்டும் வெட்டி அனுப்பலாம்.

கரைவலை

ரைட்டர் அண்ணன் சொன்ன அந்தப் போட்டோ விஷயத்துக்கு நூறு தடவை தலையாட்டுகிறேன்.

தீவுச்சட்டம்

துப்பாக்கிச் சூடு, காவலில் மரணம் போன்ற சம்பவங்களில் நிலைமை வேறு. ஆதரவும் விசாரணையும் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

காவல் மரணம் என்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 196ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு. துப்பாக்கிச் சூட்டுக்கு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். துறை நடவடிக்கை என்றால் 3(பி) குறிப்பாணையும் (ஒழுங்கு விதிப்படியான குற்றச்சாட்டுக் கடிதம்) வரலாம். உண்மை வெளியே வர வேண்டும், இறந்தவர் குடும்பத்துக்கு அந்த உரிமை இருக்கிறது. அதில் சமரசம் வேண்டாம். அதே நேரத்தில் விசாரிக்கப்படும் காவலரும் தூங்காத மனிதர்தான்.

ஆதரவாக உட்காரும் சக காவலர் "என்ன நடந்தது, எத்தனை தடவை சுட்டாய்" என்று கேட்கவே கூடாது. மனநல மருத்துவரிடம் சொல்வதற்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆவது பிரிவு ரகசியப் பாதுகாப்பு தருகிறது. சக ஏட்டிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, நாளை அவரைச் சாட்சியாக அழைக்கலாம். அதனால் பேச்சு இப்படித்தான் இருக்க வேண்டும்: சாப்பிட்டியா, தூங்கினியா, வீட்டுக்குச் சொல்லியாச்சா, வேற என்ன வேணும். சம்பவத்தைப் பற்றி அவராகவே தொடங்கினால், "அதை வக்கீலிடமோ டாக்டரிடமோ பேசு, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று நிறுத்திவிடலாம்.

ஆயுதத்தைத் தடயமாக எடுக்கும்போது எல்லார் முன்னாலும் பிடுங்கக் கூடாது. தனியறையில், அவர் தகுதிக்குக் குறையாத அதிகாரி, "இது நடைமுறை, தண்டனை இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லி வாங்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. பிறகு அவரை ஜீப்பில் தனியாக உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வாக்குமூலத்தில் ஒரு சிக்கல். சுட்ட சத்தமே கேட்கவில்லை, எல்லாம் மெதுவாக நடந்தது, நாலு தடவை சுட்டுவிட்டு இரண்டு என்று நினைப்பது, இவை உயிர் ஆபத்தில் மூளைக்கு நேர்பவை. விசாரணை அதிகாரிக்கு இது தெரியாவிட்டால் பொய் என்று எழுதிவிடுவார். முதல் தகவலுக்குத் தேவையான நேரம், இடம், யார், எத்தனை பேர் காயம் என்பதை உடனே வாங்குங்கள். விரிவான வாக்குமூலத்தை ஒரு இரவாவது தூங்கிய பிறகு. நினைவில்லாததை "நினைவில்லை" என்றே பதியுங்கள், ஊகித்து நிரப்பச் சொல்லாதீர்கள். அதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசிக் கதையைச் சரிசெய்ய இடம் கொடுக்கவும் கூடாது.

முத்துச்சிப்பி

எல்லாரும் கடற்கரையையும் துப்பாக்கியையும் பேசுகிறீர்கள். அனைத்து மகளிர் ஸ்டேஷனில் சம்பவம் தினமும் மேசைக்கு வருகிறது. போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை எழுதும் பெண் எஸ்.ஐ. அதை எழுதுகிறார், திருத்துகிறார், தட்டச்சு சரிபார்க்கிறார், மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போகிறார், இரண்டு வருடம் கழித்து கோர்ட்டில் திரும்பப் படிக்கிறார். நேரில் பார்க்காமல், வேலையின் பகுதியாகத் திரும்பத் திரும்ப விவரம் கேட்பதாலும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வரும் என்று 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடு ஏற்றுக்கொண்டது. குழந்தை வன்கொடுமை விவரங்களைக் கையாளும் காவலர்களையே உதாரணமாகக் காட்டியிருக்கிறது.

செய்யக்கூடியவை இருக்கின்றன. புது வழக்குகளைச் சுழற்சியில் கொடுக்கலாம், "நல்லா எழுதுறாங்க" என்று ஒரே ஆள் தலையில் கட்டக் கூடாது. தன் பிள்ளையின் வயதுக் குழந்தையின் வழக்கு என்றால் மாற்றிக் கேட்க உரிமை இருக்க வேண்டும், காரணம் சொல்ல வைக்கக் கூடாது. வீடியோ ஆதாரம் பார்க்க வேண்டியிருந்தால் பகலில், சின்ன ஜன்னலில், முதல் தடவை சத்தம் இல்லாமல், தேவையான இடத்தை மட்டும் சத்தத்தோடு. பார்த்த உடனே ஜீப் ஏறி வீட்டுக்குப் போகாமல் வேறு ஏதாவது சாதாரண வேலை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

உப்பங்காற்று

முத்துச்சிப்பி மேடம், தொடக்கப் பதிவில் நான் விட்டது பெரிய குறை. நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. யார் கவனிப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது?

ராம்நாடு_மனநலச்செவிலி

யார் என்றால், அதிகாரி அல்லாத ஒரு ஆள். பிரிட்டனின் ராயல் மரைன்ஸ் படையில் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. பயிற்சி பெற்ற சக வீரர் ஒருவர் மூன்று நாளுக்குள் ஒரு தடவை, ஒரு மாதம் ஆனதும் ஒரு தடவை தனியாகப் பேசுவார். வைத்தியம் பார்க்க மாட்டார், நிலைமை இறங்குகிறதா ஏறுகிறதா என்று மட்டும் பார்ப்பார். நம்ம ஊருக்குச் சப்டிவிஷனுக்கு ஒரு ஏட்டு, ஒரு பெண் காவலர் போதும். சம்பள உயர்வு, மெமோ எதிலும் கையெழுத்துப் போடாத ஆளாக இருக்க வேண்டும். டீக்கடையில் நின்று பேசினாலே போதும்.

நாட்களைக் குறித்து வையுங்கள். 3ஆம் நாள், 10ஆம் நாள், 30ஆம் நாள். நாம் தவறவிடுவது முப்பதாவது நாளைத்தான். முதல் வாரம் எல்லாரும் விசாரிப்பார்கள், ஒரு மாதம் கழித்துத்தான் சொந்தச் சிக்கல் தெரியும், அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு மாதம் தாண்டியும் காட்சி வருகிறது, அந்தச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார், குடி கூடியிருக்கிறது, யாரோடும் ஒட்டவில்லை என்றால் அனுப்புங்கள். அதிர்ச்சியை மையமாக வைத்த உளச்சிகிச்சைக்குப் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு ஆகும், நன்றாகவே குணமாகும். காத்திருக்கவே கூடாதவையும் உண்டு: மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, "நான்தான் கொன்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், "இருந்து என்ன பயன்" என்கிறார். நேராகவே கேளுங்கள், "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு ஆள் கூடவே போக வேண்டும்.

பழைய_ரைட்டர்

அந்த நிலையில் ஆயுத டூட்டி கொடுக்கக் கூடாது. ஆனால் அவர் ஒருத்தர் பெயரை மட்டும் ஆயுதப் பட்டியலிலிருந்து எடுத்தால் மறுநாள் ஸ்டேஷன் முழுக்கத் தெரியும், அந்த அவமானம் தனியாக ஒரு சுமை. அன்று சம்பவத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரு வாரம் ஆயுதமில்லா டூட்டி என்று போடுங்கள். யாருக்காக என்று யாருக்கும் தெரியாது.

கரைவலை

ஆஸ்பத்திரி என்றதும் ஒரு தடை இருக்கிறது. இந்த மாவட்டத்தில் மனநலம் என்றாலே எல்லார் வாயிலும் வருவது ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6இல் அங்கே தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் கருகினார்கள். அந்தச் சங்கிலி இன்னும் மக்கள் மனத்தில் கிடக்கிறது. "உன்னை ஏர்வாடிக்கு அனுப்பணும்" என்று ஸ்டேஷனில் கிண்டல் செய்யும்போது, உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறவன் வாயை மூடிக்கொள்கிறான். இன்ஸ்பெக்டர் அந்தக் கிண்டலை ரோல் காலில் ஒரே ஒரு தடவை கண்டித்தால் போதும். பத்து வகுப்பைவிட அது பெரிய வேலை செய்யும்.

வீட்டுக்குத் தகவல் சொல்வதையும் விட்டுவிடக் கூடாது. செய்தி யூடியூப் சேனல்களில் ஓடுவதற்கு முன், முதல் ஒரு மணி நேரத்துக்குள், "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார், வர லேட்டாகும்" என்று சொல்ல வேண்டும். மறுநாள் ஒரு பெண் காவலர் வீட்டுக்குப் போய், தூக்கம் கெடும், கோபம் வரும், துருவித் துருவிக் கேட்க வேண்டாம், குடித்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று பத்து நிமிடம் பேசினால் அந்த வீடு தாங்கும்.

தெற்குவாடி

ரைட்டர் அண்ணன் சொன்ன வேலைக் கூட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஊர்க்காவல் படை இளைஞர்கள், நமக்காகக் கடலில் இறங்கிப் பாடி எடுத்துக் கொடுக்கும் மீனவர்கள், 108 ஓட்டுநர், மார்ச்சுவரி உதவியாளர் இவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மீனவப் பையன் மறுநாள் அதே தண்ணீரில் வலை விடப் போகிறான். அவனுக்கும் அன்று குளியலும் சாப்பாடும் ஸ்டேஷன் பொறுப்பாக இருக்கட்டும். பத்தாம் நாள் ஒரு எட்டு வாடிப்பக்கம் போய் விசாரிக்கட்டும்.

தீவுச்சட்டம்

கடைசியாக, யாரும் எழுதாத ஒன்று. எல்லாம் ஆறிப்போய் இரண்டு மூன்று வருடம் கழித்து சாட்சி சம்மன் வரும். அன்று இரவு பழையபடி தூக்கம் போகும். பலர் இதை நோய் திரும்பிவிட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை, சில நாளில் அடங்கும். சம்மன் வந்ததும் கோர்ட் கான்ஸ்டபிள் தேதியை உடனே சொல்ல வேண்டும், முதல் நாள் மாலை கையில் திணிக்கக் கூடாது. கேஸ் கட்டை இரண்டு நாள் முன்பே, பகலில், ஸ்டேஷனில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது படிக்கட்டும். போட்டோக்களைக் கவிழ்த்து வையுங்கள், சாட்சியத்துக்குத் தேவையானதை மட்டும் பார்க்கட்டும். கோர்ட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். வாய்தா போட்டால் அதே ஆள் அடுத்த தடவையும் கூடப் போகட்டும்.